முனிர்காவைச் சுற்றியுள்ள பழந்தில்லி

தில்லிக்கு முதன்முறை வரும் தமிழர்களின் பயணத் திட்டத்தில் செங்கோட்டையும் இந்தியா கேட்டும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆயினும் செங்கோட்டை 17ஆம் நூற்றாண்டில் ஷாஜகான் எழுப்பியது. புதுதில்லியோ 1931இல் திறந்துவைக்கப்பட்ட தலைநகரம். இவ்விரண்டுக்கும் பல நூற்றாண்டுகள் முந்திய சுல்தான்களின் தில்லி தெற்கே இருக்கிறது என்பதால், தென்தில்லியின் முனிர்காவில் தங்குபவர் வடக்கே விரையுமுன் அக்கம்பக்கத்தைக் காண்பதே முறை.

முனிர்கா, நகரம் வளர்ந்து விழுங்கிய ஒரு பழைய ஜாட் கிராமம். வருவாய்த் துறை குடியிருப்பு நிலத்தைப் பிரித்துக் காட்ட வரைந்த எல்லைக்கோடு 'லால் டோரா' எனப்படும். அதற்குள் கட்டட விதிகள் தளர்ந்திருந்தமையால், வெயில் நுழையாத சந்துகளின் இருமருங்கிலும் வாடகை அடுக்குகள் நெருங்கி நிற்கின்றன. ஊரை ஒட்டிய ஆர்.கே. புரத்தில், 'வசீர்பூர் கா கும்பத்' என்னும் லோதி காலக் கல்லறைத் தொகுதி உள்ளது. கும்பத் என்பது குவிமாடம். அதன் அருகிலேயே, நீர்மட்டம் வரை படியிறங்கிச் செல்லும் 'பாவ்லி' எனும் படிக்கிணறும் இருக்கிறது. அரசுக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் இவற்றைத் தேடி வருவோர் மிகச் சிலரே என்பது வருத்தத்துக்குரியது.

அதே ஆர்.கே. புரத்தின் குன்றொன்றில் நிற்கும் உத்தர சுவாமிமலையை ஊரார் 'மலை மந்திர்' என்கின்றனர். தில்லித் தமிழர்களின் முயற்சியால் கருங்கல்லில் எழுந்த இச்சுவாமிநாத சுவாமி கோயிலுக்கு 1973இல் குடமுழுக்கு நடந்தது. மீனாட்சி, சுந்தரேசுவரர் சன்னதிகள் பின்னர் சேர்ந்தன. பணி நிமித்தம் வடக்கே குடியேறிய ஒரு தலைமுறை, தன் குறிஞ்சிக் கடவுளுக்கு ஆரவல்லித் தொடரின் சரிவிலேயே ஒரு குன்றைக் கண்டடைந்தது தில்லி வரலாற்றில் சிறிய செய்தியன்று.

முனிர்காவிலிருந்து மெஜந்தா வழித்தட மெட்ரோவில் மூன்றாவது நிலையம் ஹௌஸ் காஸ். இங்குதான் நேரம் ஒதுக்கி நிற்க வேண்டும். 'ஹௌஸ்' என்பது நீர்த்தேக்கம். தான் அமைத்த சிரி நகருக்கு நீர் தருவதற்காக அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஏரி இது. அவன் காலத்துக்குப்பின் தூர்ந்துபோன அதனைத் தூர்வாரிச் செப்பனிட்ட ஃபிரோஸ் ஷா துக்ளக், 1352 அளவில் அதன் கரையில் ஒரு மத்ரசாவை, அதாவது உயர்கல்விக் கூடத்தை, எழுப்பினான். 'ட' வடிவில் நீளும் அக்கூடத்தின் இரு சிறகுகளும் சந்திக்கும் மூலையில், 1388இல் இறந்த அவனுடைய கல்லறையே அமைந்திருக்கிறது. மாணவர்கள் பாடம் கேட்ட மண்டபங்களின் சாளரங்கள் நேரே நீரை நோக்குகின்றன. ஏரியையும் கல்வியையும் ஒரே கட்டுமானமாக எண்ணிய இத்திட்டத்தில் உள்ள அறிவு, தில்லியின் எந்த வெற்றிச் சின்னத்திலும் காணக்கிடைக்காதது. ஃபிரோஸ் ஷாவுக்கு முந்திய துக்ளக் அரசவையில் இருந்த பயணி இப்னு பதூதா இவ்வேரியைக் கண்டு எழுதியிருக்கிறார். 1398இல் தில்லியைச் சூறையாடிய தைமூரின் படையும் இதன் கரையில் தங்கியது. இன்று எஞ்சியிருப்பது பழைய பரப்பின் ஒரு பகுதியே.

ஹௌஸ் காஸில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிலையம் குதுப்மினார். 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தைப் பற்றி அறியாதவர் இல்லை; அதன் அருகே துருப்பிடிக்காமல் நிற்கும் இரும்புத்தூண் கோபுரத்தினும் எண்ணூறு ஆண்டுகள் போல் மூத்தது. அங்கிருந்து மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவுக்குச் சென்றால், 1506இல் கட்டப்பட்ட 'ராஜோன் கி பாவ்லி'யைக் காணலாம். கோயிலின் நடை பகலில் சாத்தப்படும் என்பதால் காலையில் மலை மந்திர், முற்பகலில் ஹௌஸ் காஸ், வெயில் தாழ்ந்தபின் மெஹ்ரௌலி என வகுத்துக்கொள்வது நலம். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலம் இந்நடைக்கு ஏற்றது.