வெளிநாட்டில் ஒரு விடுமுறை வீடு: நான் கேட்கத் தவறிய முதல் கேள்வி



2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து பத்து நாள் இருக்கும். இஷா தொழுதுவிட்டுத் திரும்பிய என்னை அண்ணன் தம் வீட்டிற்கு அழைத்தார். காஞ்சிபுரத்தில் எங்கள் அத்தா நடத்திய சரிகை வியாபாரத்தை இப்போது நடத்துபவர் அவர்தாம். மேசைமீது வழவழப்பான தாளில் அச்சிட்ட படங்கள் பரப்பப்பட்டிருந்தன. துபாயில் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதில் ஓர் அறை மட்டுமே கொண்ட வீடு. விலை 6 லட்சம் திர்ஹம்.

"பையன் அங்கேதான் வேலையில இருக்கான். வருஷா வருஷம் பள்ளிக்கூட லீவுக்கு நாம எல்லாரும் ஒரு மாசம் போய்த் தங்கலாம். மத்த மாசம் வாடகைக்கு விட்டுக்கலாம். கையில 42 லட்சம் இருக்கு. மீதி தவணைதான், வட்டி இல்லை. நீ ஓதினவன். கூடுமா கூடாதா, அதை மட்டும் சொல்லு தம்பி" என்றார்.

மே மாதத்துத் துபாய் வெயிலில் விடுமுறையா என்று அண்ணி சிரித்தார். அம்மா ஓரமாக அமர்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு எழுந்தேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் தேடிப் படித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தகைய எண்ணம் கொண்டுள்ள குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும்.

நம் மக்கள் கடல் கடந்து மனை வாங்குவது புதிதன்று. பினாங்கில் 1801இல் காதிர் முகைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் வணிகரின் முயற்சியால் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் நிறுவப்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அதற்குச் சான்று. ஆனால் அவர்கள் சென்றது பிழைப்பதற்காக. ஓய்வெடுப்பதற்காக அயல்நாட்டில் வீடு வாங்குவது நம் தலைமுறையின் ஆசை. துபாய் அரசு 2002இல் அயல்நாட்டவருக்கு இந்தக் கதவைத் திறந்தது. 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டம், குறிப்பிட்ட பகுதிகளில் அவர்கள் முழு உரிமையுடன் சொத்து வாங்குவதை உறுதிசெய்தது. 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அங்கே விலைகள் பெருமளவு வீழ்ந்தன. பல கட்டடங்கள் பாதியில் நின்றன. வாங்குவோர் செலுத்தும் தொகையைத் தனிக் காப்புக் கணக்கில் வைக்க வேண்டும் என்று 2007இலேயே சட்டம் வந்துவிட்டதென்றாலும், கட்டி முடியாத வீட்டை வாங்குவோர் அந்த ஆண்டுகளை மறந்துவிடலாகாது.

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டிற்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அத்தொகையில் வீடும் வாங்கலாம். ஆனால் அதற்காக இங்குள்ள வங்கி கடன் தரலாகாது. 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இத்தகைய தேவைக்கு அனுப்பினால், மிகுதித் தொகைக்கு 20 விழுக்காடு வரியை வங்கி முன்கூட்டியே வசூலிக்கும்; பின்னர் வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய வீட்டை ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டியாக வேண்டும்.

இவ்விதிகளுள் ஒன்று என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. குடும்பத்தினர் தங்கள் வரம்புகளைச் சேர்த்து ஒரு வீட்டிற்குப் பணம் அனுப்பலாம். ஆனால் பணம் அனுப்பும் ஒவ்வொருவரும் அவ்வீட்டின் பங்குதாரராகவும் இருக்க வேண்டும். யாருடைய பணமோ அவருடைய பெயர் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்பது இதன் சாரம். படித்தேன், அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

மார்க்கச் சட்டத்தின் பக்கமும் தெளிவாகவே இருந்தது. அளவு, அமைப்பு, விலை, ஒப்படைக்கும் காலம் ஆகியவற்றை வரையறுத்து, இனிமேல் கட்டப்படவிருப்பதை வாங்குவது இஸ்திஸ்னாஃ ஒப்பந்தம். ஜித்தாவிலுள்ள பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இல் இதை அனுமதித்ததோடு, விலையைத் தவணையாகச் செலுத்தவும் இடமளித்தது. தவணை தாமதமானால் கூடுதல் தொகை வசூலிக்கும் நிபந்தனை ரிபாவே என்று 1990இல் அதே அகாடமி தீர்மானித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் அத்தகைய வரி இருக்கிறதா என்று கவனித்துப் படிக்க வேண்டும். தங்குவதற்கான வீட்டிற்கு ஸகாத் இல்லை. வாடகை வருமானம் நம்மிடமுள்ள ஏனைய பணத்தோடு சேர்ந்து நிஸாபை அடைந்து ஆண்டும் நிறைந்தால் ஸகாத் உண்டு. விலை ஏறியதும் விற்றுவிடும் நோக்கத்தோடே வாங்கினால் அது வியாபாரப் பொருள். ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு.

கணக்கையும் போட்டேன். விலையில் 20 விழுக்காடு முன்பணம் 1,20,000 திர்ஹம். 4 விழுக்காடு பதிவுக் கட்டணம் 24,000 திர்ஹம். திர்ஹம் ஒன்றுக்கு 24 ரூபாய் என்று வைத்தால் 34,56,000 ரூபாய். வங்கி பிடிக்கும் வரியையும் சேர்த்தால் 39 லட்சத்தைத் தாண்டும். அண்ணனின் 42 லட்சம் போதுமானது. இன்னின்ன நிபந்தனைகளுடன் கூடும் என்று ஒரு தாளில் அழகாக எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த 42 லட்சம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் நான் எழுதவில்லை.

அத்தா வஃபாத்தாகி ஈராண்டு ஆகியிருந்தது. கடன்களை அடைத்தபின் எஞ்சியது அவர்களுடைய பழைய வீடு ஒன்றே. அதை 2024 இறுதியில் 80 லட்சத்திற்கு விற்றோம். பத்திரப் பதிவன்று வாலாஜாப்பேட்டையிலிருந்து அக்கா வந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையொப்பமிட்டுவிட்டு, மாலைப் பேருந்திலேயே திரும்பிப் போனார். பணம் அண்ணன் பெயரும் என் பெயரும் கொண்ட கணக்கில் கிடந்தது.

ஒருவர் மனைவியையும், இரண்டு மகன்களையும், ஒரு மகளையும் விட்டு இறந்தால் சொத்து எவ்வாறு பிரியும்? மத்ரஸாவில் பதினெட்டு ஆண்டுகளாக ஃபராயிழ் பாடம் நடத்துகிறேன். உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மொத்தம் நாற்பது பங்கு. மனைவிக்கு எட்டில் ஒன்றாக ஐந்து. எஞ்சிய முப்பத்தைந்தில் மகன்களுக்குப் பதினான்கு, பதினான்கு. மகளுக்கு ஏழு. எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு பங்கு 2 லட்சம். அம்மாவுக்கு 10 லட்சம், அண்ணனுக்கு 28, எனக்கு 28, அக்காவுக்கு 14. அண்ணனின் 28உம் அக்காவின் 14உம் சேர்ந்தால் 42.

ஏன் வாய் திறக்கவில்லை? என் மகளின் கல்லூரிக் கட்டணத்தை மூன்று ஆண்டுகளாக அண்ணன்தான் கட்டிவந்தார். மத்ரஸா ஆசிரியரின் சம்பளம் எவ்வளவு என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அக்காவுக்குத் திருமணத்தின்போதே 25 பவுன் போட்டாயிற்று என்று அண்ணன் ஒருமுறை சொன்னார்; அத்தா தம் வாழ்நாளில் கொடுத்த அன்பளிப்பு வாரிசுப் பங்கைக் கழிக்காது என்று மாணவர்களுக்குச் சொல்லும் நான், அவரிடம் தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா கேட்கவில்லையே என்று என் மனத்திற்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வார அவகாசத்தின் ஆறாம் நாள், அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி, ஒரு மசாலா கேக்கணும். வீட்டுக்காரர் வாடகையும் அட்வான்ஸும் கூட்டிக் கேக்கறாரு. மழைக்கு ஒழுகுற வீடுதான், ஆனா வேற கிடைக்கல. வளையலை அடகு வெச்சா வட்டி கட்டணுமே, இந்த நெருக்கடிக்கு அது கூடுமா? மச்சான் உன்கிட்ட கேட்டுட்டுச் செய்யலாம்னு சொன்னாரு."

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். வட்டி கொடுப்பதும் வாங்குவதைப் போன்றே தடுக்கப்பட்டது, நிர்ப்பந்தத்தின் எல்லை இன்னது என்று இரண்டு வாக்கியங்கள் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. அக்காவின் 14 லட்சம் என் பெயர் உள்ள கணக்கில் இருக்கிறது. அக்கா என்னிடம் வளையலை அடகு வைக்க ஃபத்வா கேட்கிறார். "நாளைக்குச் சொல்றேன் அக்கா" என்று வைத்துவிட்டேன்.

அன்றிரவு நான் நினைத்துக்கொண்டிருந்தது ஸஃத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் வீட்டாரைப் பற்றி. உஹதுப் போரில் அவர்கள் ஷஹீதானபின் அவர்களுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அவர்களின் மனைவி இரண்டு பெண்மக்களை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அதன் பின்னரே பாகப்பிரிவினை வசனம் அருளப்பட்டது. மகள்களுக்கு மூன்றில் இரண்டும், மனைவிக்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்கு நபியவர்கள் ஆணையிட்டார்கள். நான் ஆண்டுதோறும் பாடத்தில் சொல்லும் வரலாறுதான். அதில் என்னை நான் எப்போதும் ஆசிரியராகவே பார்த்திருந்தேன். அன்றுதான் பணத்தை வைத்திருந்தவரின் இடத்தில் என்னைக் கண்டேன்.

மறுநாள் ஜும்ஆ. தொழுகை முடிந்ததும் அண்ணன் வீட்டிற்குச் சென்றேன். எழுதிய தாளை மேசைமீது வைத்து, "அண்ணே, வீடு வாங்குறது கூடும். ஆனா நம்மகிட்ட இருக்கிறது 42 இல்லை, 28தான்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "அக்கா உன்கிட்ட கேட்டுதா?"

"கேக்கல. அதான் வந்தேன்."

"அவளும்தானே அங்கே வந்து தங்கப்போறா? குடும்பத்துக்குத்தானே வாங்குறேன்?"

"அப்படின்னா பத்திரத்துல அக்கா பேரைப் போடணும். அதுவும் அக்கா சம்மதிச்சாத்தான்."

வெகுநேரம் பேசாதிருந்தவர், "உன் பொண்ணு ஃபீஸைக் கட்டுறப்போ இதெல்லாம் தோணலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் அஞ்சியே இத்தனை மாதம் மௌனமாக இருந்தேன். "தோணுச்சு அண்ணே. பயந்துட்டேன். இனிமே ஃபீஸை நானே கட்டிக்கிறேன்" என்றேன்.

அப்போது அம்மா தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "என் பங்குன்னு ஒண்ணு இருக்குல்ல, அதை என்ன செய்யறதுன்னு ரெண்டு பேருல ஒருத்தனும் என்கிட்ட கேக்கலையே!"

அது எனக்கும் சேர்த்து விழுந்த அடி. அக்காவுக்காகப் பேச வந்த நானும் அம்மாவிடம் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் மூவரும் வங்கிக்குச் சென்றோம். அக்காவின் கணக்கிற்கு 14 லட்சமும், அம்மாவின் கணக்கிற்கு 10 லட்சமும் சென்றன. நான் அக்காவிடம் செய்தி சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் ஒலியே இல்லை. பிறகு, "அண்ணன் கோவமா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார். நம் பெண்கள் பங்கைக் கேட்பதில்லை என்றால் அதன் காரணம் இந்த ஒற்றைக் கேள்வியில் இருக்கிறது. தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தை நாம் விட்டுக்கொடுத்தல் என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

துபாய் வீடு இன்றளவும் வாங்கப்படவில்லை. அண்ணன் சில மாதங்கள் என்னோடு தேவைக்கு மட்டுமே பேசினார். அக்காவும் மச்சானும் தங்கள் சேமிப்பையும் சேர்த்து ஊருக்கு வெளியே இரண்டு அறை கொண்ட பழைய வீடு ஒன்றை வாங்கினர். அரையாண்டு விடுமுறையில் நாங்கள் அங்கே சென்று தங்கினோம். சுவரில் இன்னும் வெள்ளை அடிக்கவில்லை; பிள்ளைகள் பாயை விரித்துப் போர்வைக்குச் சண்டையிட்டுக்கொண்டே உறங்கினார்கள். மூன்றாம் நாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் அம்மாவை இறக்கிவிட்டு, இரண்டு மின்விசிறிப் பெட்டிகளையும் இறக்கினார். யாரும் எதுவும் பேசவில்லை. மச்சான் ஏணியைத் தேடப் போனார்.

வெளிநாட்டில் வீடு வாங்குவதை நான் தடுக்கவில்லை. ஹலாலான பொருளில், ரிபா கலவாமல், இரு நாட்டுச் சட்டங்களையும் பேணி வாங்கினால் அது அல்லாஹ் அனுமதித்த வசதி. அதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தப் பணம் முழுவதும் என்னுடையதுதானா? தாய், சகோதரி, விதவையான அண்ணி, யாருடைய பங்கேனும் இதில் கலந்திருக்கிறதா? அடைக்க வேண்டிய கடனும் கொடுக்க வேண்டிய மஹரும் மீதமிருக்கின்றனவா? ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, அது குறைவானாலும் அதிகமானாலும் விதிக்கப்பட்ட பங்கு என்று திருக்குர்ஆன் (4:7) வரையறுத்துவிட்டது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த ஒரு சாண் அயலூர்க்காரருடையதாக மட்டுமே இருக்க வேண்டுமென்பதில்லை, உடன்பிறந்தவளுடையதாகவும் இருக்கலாம்.

ஆலிம்களாகிய எங்களுக்கும் ஒரு சொல். கேட்டவருக்குக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, நாம் அறிந்த உண்மையை மறைத்தால், அந்த ஃபத்வா சரியாக இருந்தாலும் நாம் தப்பிக்க முடியாது.

யா அல்லாஹ்! எங்கள் பொருளில் கலந்துள்ள பிறர் உரிமையை எங்கள் உயிர் பிரியுமுன் திருப்பிக் கொடுக்கும் துணிவை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் அத்தாவையும், மறைந்த அனைத்து முஃமின்களையும் மன்னித்து, அழியாத வீட்டில் அவர்களைக் குடியமர்த்துவாயாக! ஆமீன்.