இரட்டைக் கிழங்கு

கொல்லிமலைக் காட்டில் செங்காந்தள் குறைந்துபோனதற்குக் காப்பித் தோட்டத்தைச் சொல்கிறார்கள், ரோட்டைச் சொல்கிறார்கள். என் பங்கை நானே சொல்லிவிடுகிறேன். அதன் காட்டுக் கிழங்கை எடைக்கு வாங்கி, மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் அதையே பயிரிட்டு, கண்வலி விதை என்று விதை எடுக்கும் விவசாயிகளுக்கு அனுப்பிய தரகன் நான்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்தது இதைத்தான். மாநில மலரும் இதுவே. எனக்கு அது கிலோ கணக்கு. விதையில் இருக்கும் கோல்ச்சிசின் கவுட் மூட்டுவலி மருந்துக்குப் போகிறது. விதை போட்டு வளர்த்தால் பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். கிழங்கை நட்டால் அந்த வருஷமே காய் பார்க்கலாம். அதனால் காட்டுக் கிழங்குக்குக் கிராக்கி.

கலப்பைபோல் கவைத்த கிழங்கு அது. இரண்டு கை, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. நுனி முறிந்தால் அந்தக் கை அவ்வளவுதான். கொடி காய்ந்த பிறகு, தை மாசியில் தோண்டுவார்கள். ஒரு ஆயா மட்டும் ஒரு கையை ஒடித்துக்கொண்டு மற்றதை மண்ணுக்குள் மூடிவிட்டு வருவார். "அடுத்த வருசத்துக்கு வேணுமில்ல தம்பி?" என்பார். அவருடைய ஒற்றைக் கிழங்குக்கு நான் பாதி விலைதான் போட்டேன். ஒடித்த இடம் அழுகும் என்று காரணம் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் இரட்டை என்றால் எடை நிற்கும், அதுதான் காரணம். அடுத்த பருவம் ஆயாவின் பையிலும் எல்லாம் இரட்டை.

காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம் என்பதும் தெரியும். மாட்டினால் தோண்டியவர் மாட்டுவார். நான் சோளக்காடு சந்தையில் தராசுப் பக்கம் இருப்பேன்.

மனம் திருந்தியெல்லாம் நிறுத்தவில்லை. விவசாயிகள் தங்கள் வயல் கிழங்கையே நடவுக்கு எடுத்துவைக்க ஆரம்பித்தார்கள், காட்டிலும் வரத்து குறைந்தது, விட்டேன். மகள் படித்தது அந்தக் காசில்தான். சம்பாதித்திருக்கவே கூடாது என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

இப்போது முடவாட்டுக்கால் வியாபாரம். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவர்கள் சூப்புக்கென்று கேட்டு வாங்குகிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் அதையும் பிடுங்கித்தான் கொண்டுவருகிறார்கள். வளரும் நுனியை விட்டுவிட்டு வெட்டும்படி ஒரு பையனிடம் சொன்னேன். சரி என்றான். அதற்காக விலையை நான் கூட்டித் தரவில்லை.