பவுடர் டப்பாவில் இரண்டு ரூபாய்

கூலி கைக்கு வந்ததும் அம்மா முதலில் ஒரு காலி பவுடர் டப்பாவில் இரண்டு ரூபாய் போட்டுவைப்பாள். அது அப்பாவின் லாட்டரிக் காசு. அரிசிக்கும் மளிகைக்கும் பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்களுடையது கோர்வைத் தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அப்படிப்பட்ட சேலையை ஒருவர் மட்டும் உட்கார்ந்து நெய்ய முடியாது. அப்பா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கரைக்கான நாடாவை வீசிக்கொண்டிருப்பாள். சேலைக்கு நான்கு கைகள், கூலிக் கணக்கில் ஒரு பெயர்.

அம்மா மூன்று விதிகள் வைத்திருந்தாள். கடனுக்குச் சீட்டு வாங்கக் கூடாது. போன வாரம் போனதை இந்த வாரம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. பரிசு விழுந்தால் அந்தப் பணம் மறுபடி சீட்டுக்குப் போகக் கூடாது. இதற்குள் அப்பா சந்தோஷமாகவே இருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். டீக்கடையில் பேப்பரை விரித்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்ப்பார். லட்சம் விழுந்தால் முதலாளியின் முன்பணத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொந்தப் பாவு போடுவதாக எங்களிடம் சொல்லுவார். வாரத்துக்கு இரண்டு ரூபாயில் அப்படி ஒரு கனவு மலிவுதான். ஒருமுறை இருநூறு ரூபாய் விழுந்தது. அம்மா அதில் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கினாள்.

லாட்டரி அப்போது திருட்டு வேலை இல்லை. 1968இல் அண்ணா ஆட்சியில் அரசே தொடங்கிய பரிசுச் சீட்டு அது. வெளிமாநிலச் சீட்டுகளும் சுரண்டல் சீட்டுகளும் தெருவெல்லாம் தொங்கின. 2003 ஜனவரியில்தான் எல்லா லாட்டரியும் தடைசெய்யப்பட்டது.

தம்பி பிறந்தபோது அம்மா ஆரணியில் பாட்டி வீட்டுக்குப் போனாள். இரண்டு மாதம். டப்பாவுக்கு ஆளில்லை. திரும்பி வந்தபோது முன்பணம் எட்டாயிரம் ஏறியிருந்தது. அவளுக்குக் கைக்குழந்தை, அதனால் பத்து வயதில் நான் நாடா வீச உட்கார்ந்தேன். ஒரு வருடம் பள்ளி இல்லை. அத்தை அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நீ ரெண்டு மாசம் அங்க போயி உக்காந்துகிட்டா ஆம்பள என்னாடி பண்ணுவான்?” என்று அம்மாவைத்தான் கேட்டாள்.

விளையாடியது ஒருவர். விளையாட்டுக்கு வரம்பு வைத்தது இன்னொருவர், அதற்கும் கூலி கிடையாது. அதுவரை ‘கஞ்சப் பிசினாரி’ என்று ஏச்சு வாங்கியவள், வரம்பு உடைந்ததும் குற்றவாளியானாள்.

சில மாதங்களுக்கு முன் குறள் வகுப்பில் ‘சூது’ அதிகாரம். (அதற்கு முந்தையவை வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை. ஆணைக் கெடுப்பவற்றின் வரிசையில் பெண்ணையும் கள்ளையும் கவறையும் அடுத்தடுத்து வைத்ததைப் பற்றி மாணவிகளோடு தனியாகச் சண்டை போடுவேன்.) வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து நின்றாள். “மேம், லிமிட் வச்சு ஆடுனா அது வெறும் என்டர்டெயின்மென்ட்தானாம். எங்க அண்ணன் சொல்றான்.”

அண்ணன் ஆடியது போன் ரம்மி. தமிழக அரசு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள் அவனுக்கு மனப்பாடம். நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஆடக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று ஆடுபவரே தொகை வரம்பு வைத்துக்கொள்ளலாம். மோசமான விதிகள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆகஸ்டில் ஒன்றியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடைசெய்துவிட்டது. ஆனால் அதற்குள் அவன் தோற்றிருந்தது அம்மா பெயரில் எடுத்த மகளிர் குழுக் கடனை. வரம்புத் தொகையை அழுத்தியது அவன் விரல். வாரத் தவணைக்குக் குழுவில் தலைகுனிந்து நிற்பது அம்மா.

எங்கள் ஊரில் பாண்டவதூதப் பெருமாள் கோயில் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கவேண்டிய பெரிய கிருஷ்ணர், உட்கார்ந்த கோலம். அவர் தூது போகவேண்டி வந்ததே ஒரு சூதாட்டத்தால்தான். சபையில் பாஞ்சாலி கேட்டதும் ஒரு வரம்புக் கேள்விதான்: தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பெரியவர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

மாணவியிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. அம்மாவின் மூன்று விதிகளைச் சொன்னேன். கூடவே நான்காவதாக என்னுடையது ஒன்று: யார் பணம் என்று முதலில் கேள். குழுக் கடன் அட்டை, பாஸ்புக், ஏடிஎம் கார்டு மூன்றையும் அம்மா தன் கையில் வைத்துக்கொள்ளட்டும் என்றேன். “அண்ணன் கோச்சுக்குவானே மேம்?” என்றாள். கோபித்துக்கொள்வான் என்றேன்.

அப்பா போய்ப் பல வருடமாகிறது. அந்தக் குடத்தில்தான் அம்மா இன்னும் தண்ணீர் பிடிக்கிறாள். பாத்திரக் கடைக்காரர் யார் பெயர் வெட்டவேண்டும் என்று கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.