இரு பதிவும் ஒரு செயலும்

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்னும் வழக்கின் பொருளை எனக்கு உணர்த்தியவர் கரியாலூர்ப் பெரியவர் ஒருவர்.

இக்கல்லூரியில் தமிழ் பயின்று, பின்னர்க் கணினி நிரல் எழுதும் தொழிலை மேற்கொண்டவன் நான். கள்ளக்குறிச்சியில் புளி மண்டி ஒன்றிற்கு இணையவழிக் கணக்கு நிரலொன்று எழுதித் தந்திருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கியதும் நிரல் இரு பதிவுகளைச் செய்ய வேண்டும். ஒன்று, கிடங்கின் இருப்பைக் கூட்டுதல். மற்றொன்று, கொண்டுவந்தவர் பெயரில் தொகையை வரவு வைத்தல். ஒரு மாலை, முதற்பதிவு முடிந்து மறுபதிவு நிகழுமுன் மின்சாரம் தடைப்பட்டது. இருப்பில் இரண்டு மூட்டை கூடிற்று. பெரியவர் கணக்கிலோ ஒரு காசும் ஏறவில்லை.

மறுவாரம் பேருந்தேறி வந்தவரிடம், "கணினியில் இல்லையே" என்று கைவிரித்தனர். அவர் நீட்டிய எடைச்சீட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. "புளி உங்க கிடங்கிலே இருக்குது, காசு எங்கே இருக்குது, தம்பி?" என்று என்னை வினவினார். நாணி நின்றேன். சீட்டுகளையும் இருப்பையும் ஒப்பிட்ட பின்னரே பிழை என்னுடையது எனத் தெளிந்தது.

இவ்விடர்க்குத் தரவுத்தள வல்லுநர் கண்ட தீர்வே 'பரிவர்த்தனை'. தொடர்புடைய பதிவுகளை ஒரே செயலாகப் பிணைத்து, அனைத்தும் நிறைவேறினால் மட்டுமே உறுதிசெய்வது. ஒன்று தவறினும் அனைத்தையும் நீக்கிப் பழைய நிலைக்கு மீட்பது. இடையில் மின்சாரம் நின்றாலும், முன்னரே எழுதி வைத்த குறிப்பேட்டின் துணையால் தரவுத்தளம் மீண்டெழும்போது அரைகுறைப் பதிவை அகற்றிவிடும். 1981இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தை விளக்கிய ஜிம் கிரே, 1998ஆம் ஆண்டிற்கான டூரிங் விருதைப் பெற்றார்.

இதனோடு அமையவில்லை. ஒருவர் கணக்கில் 5,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். எழுத்தர் இருவர் அத்தொகையை ஒரே கணத்தில் படித்து, ஒருவர் 1,000, மற்றவர் 2,000 கூட்டி எழுதினால், 8,000 ஆக வேண்டியது 6,000 அல்லது 7,000 என நின்றுவிடும். ஆகவே, ஒருவர் பணி முடியும்வரை அக்கணக்கைப் பூட்டிவைத்து, மற்றவரைக் காத்திருக்கச் செய்யவும் கற்றேன்.

நிரல் திருந்தியது, பெரியவருக்கு உரிய தொகையும் கிடைத்தது. ஆயினும் எடைச்சீட்டுகளை இன்றும் கட்டிவைக்குமாறு மண்டியாரிடம் கூறியுள்ளேன். தவறான எடையை உள்ளிட்டால், பரிவர்த்தனை அத்தவற்றையும் பழுதின்றிப் பதிந்துவிடுமன்றோ!