சுமையும் சுமைதாங்கியும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீதியோரங்களிற் சுமைதாங்கிக் கற்கள் இன்றும் ஆங்காங்கே நிற்கின்றன. நட்ட இரு கற்களின் மீது ஒரு கல் கிடையாக வைக்கப்பட்டிருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டுவது முன்னோர் வழக்கம். அக்கற்களின் உயரத்தைச் சற்றே உற்று நோக்குங்கள். ஏறத்தாழ நெஞ்சுக்கும் தோளுக்கும் இடைப்பட்டது. தலைச்சுமையோடு வருபவர் குனியாமலும், பிறர் கைகொடாமலும் அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். சுமந்து நடப்பதினும், தரையிலிருந்து தூக்குவதும் தரையில் இறக்குவதுமே இடர் மிக்கவை என்பதை நம்முன்னோர் உணர்ந்திருந்தனர் போலும்.

நெம்புகோலைக் கற்பிக்கும்போது மாணவருக்கு முதுகெலும்பையே நான் உதாரணங் காட்டுவதுண்டு. முதுகுத் தசை முள்ளந்தண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் பின்னால் நின்று இழுக்கிறது. 20 கிலோ மூடையை 50 சென்ரிமீற்றர் முன்னே நீட்டிப் பிடித்தால், அச்சுமைக்காக மட்டும் அத்தசை 200 கிலோவுக்கு ஈடான விசையைக் கொடுத்தல் வேண்டும். அதே மூடையை உடலோடு அணைத்து, அத்தூரத்தைப் பாதியாக்கினால் விசையும் பாதியாகும். முழங்காலை மடக்கு, சுமையை அணை, இடுப்பைத் திருகாதே, காலை எடுத்துவைத்துத் திரும்பு என்னும் விதிகள் யாவும் இக்கணக்கிற் பிறந்தவையே.

கணக்கறியாதவரும் அனுபவத்தால் இதனை அறிவர். கொழும்புப் புறக்கோட்டையில், இருவர் மூடையைப் பிடித்து உயர்த்த, மூன்றாமவர் முதுகில் ஏற்றுச் செல்வதைக் காணலாம். நான் அறிந்த நாட்டாமை ஒருவர், உதவிக்கு ஆளின்றி, லொறியிலிருந்த மூடையைத் தனியே இழுத்துத் திரும்பினார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்போது அவருக்கு நாற்பது வயது. மறுநாள் அவர் நின்ற இடத்தில் வேறொருவர் நின்றார். வீட்டில் அடுப்பெரிவது எவ்வாறு என்று கேட்பார் எவருமிலர்.

சர்வதேசத் தொழில் தாபனம் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட விதப்புரை, வளர்ந்த ஆணொருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படின், அதனை அவ்வளவுக்குக் குறைக்க வேண்டுமென்றது. பெண்களுக்கு அதனினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றது. நம்மூரிற் சீமெந்துப் பையொன்றே 50 கிலோ!

தள்ளுவண்டி இருக்குமிடத்துத் தோள் எதற்கு? வண்டியையும் இழுப்பதினுந் தள்ளுவதே நன்று. வழி தெரியும், உடற்பாரமும் துணை செய்யும். பாரந்தூக்கி இயந்திரத்தில் அது தாங்கவல்ல நிறையை எழுதி வைக்கிறோம். மனித முதுகில் அவ்வாறு எழுதப்படவில்லை. ஆதலின் ஏற்றுபவரே அதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடையிலும் களஞ்சியத்திலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை கட்டுங்கள். மூடைகளை அதன்மேல் அடுக்குங்கள். சில கற்களும் சிறிது சீமெந்துமே அதற்குச் செலவு.