பூவத்தில் டூலிப் பூக்குமா?

சிதம்பரம், சீர்காழி வழியாகத் தெற்கே வரும் சாலையில் தரங்கம்பாடியைத் தாண்டினால் நண்டலாறு. பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டம். எல்லையைக் கடந்ததும் வருகிற ஊர் பூவம். பஸ்ஸில் போகிற பலருக்கு இந்த ஊரைத் தெரிந்திருப்பதே சோதனைச்சாவடியால்தான். வயலும் தென்னையும் மணலுமாக இருக்கும். கடல் பக்கத்திலேயே இருப்பதை உப்புக் காற்று சொல்லிவிடும்.

பெயரிலேயே பூவை வைத்திருக்கும் இந்த ஊரில் குளிர்நாட்டுப் பூ பூக்குமா? கேள்வி வேடிக்கைக்காக அல்ல. 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்றும் இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் அண்ணன், அத்தை, பேத்தி என்று யாராவது இருக்கிறார்கள். மார்ச், ஏப்ரல் வந்தால் அங்கே பூங்காவெல்லாம் டூலிப், டாஃபடில், ஹையாசிந்த். வீடியோ காலில் அதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆன்லைனில் தேடினால் கிழங்கும் கிடைக்கிறது. வாங்கித் தொட்டியில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால், இரண்டு இலை எட்டிப் பார்க்கும். பிறகு மஞ்சளாகும். தோண்டினால் அழுகல் வாடைதான் மிச்சம்.

இதில் கைராசியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கிழங்கு கேட்பது வேறு.

குளிரை எண்ணும் கிழங்கு

டூலிப் கிழங்கைப் பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும். உள்ளேயும் வெங்காயம் போலவே அடுக்கடுக்காகச் சதை. அந்தச் சதைதான் அதன் சாப்பாட்டு மூட்டை. நடுவில் அடுத்த பருவத்துக்கான பூ, நுண்ணிய மொட்டாக, நடுவதற்கு முன்பே உருவாகியிருக்கும். ஆனால் அது வெளியே வர, சுமார் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரில் 12 முதல் 16 வாரம் கிழங்கு கிடக்க வேண்டும். அப்போதுதான் பூந்தண்டு நீளும். குளிர் போதாவிட்டால் இலை மட்டும் வரும், மொட்டு உள்ளேயே காய்ந்துவிடும்.

மத்திய ஆசிய மலைகளில் பிறந்த செடி அது. பனி மூடிய மாதங்களில் உறங்கி, பனி உருகியதும் எழுந்து பழகியது. ஶ்ரீநகரில் தால் ஏரிக்கு அருகே, 2007-ல் திறக்கப்பட்ட டூலிப் தோட்டம் வசந்தத்தில் பூத்துக் குலுங்குவதற்கு அந்த ஊர்க் குளிர்தான் காரணம். காரைக்கால் கடற்கரையிலோ மார்கழி, தை இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். டூலிப்பைப் பொறுத்தவரை இங்கே குளிர்காலமே வரவில்லை.

ஃப்ரிட்ஜில் ஒரு பனிக்காலம்

ஆசையை விட முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. செப்டம்பர் கடைசியில் கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. அதே தட்டில் ஆப்பிள், வாழைப்பழம் வேண்டாம். பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். பையின் மேல் பெரிய எழுத்தில் ‘பூக்கிழங்கு’ என்று எழுதுங்கள். சின்ன வெங்காயம் என்று நினைத்து யாராவது சாம்பாரில் போட்டால் ஆபத்து. டூலிப், டாஃபடில் இரண்டிலுமே நச்சு உண்டு.

12 வாரம் கழித்து, மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில் எடுத்து நடலாம். காலை வெயில் மட்டும் படுகிற இடமாகப் பாருங்கள். பூத்தால் குட்டையாகப் பூக்கும், வெயில் ஏறினால் சீக்கிரம் உதிரும். மறு வருஷம் அதே கிழங்கு பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு முறை வேடிக்கை, அவ்வளவுதான்.

பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கிழங்கைச் செருகிக்கொண்டு வரவும் கூடாது. 2003-ம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி நடவுப் பொருளுக்கு இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு கிழங்கோடு வரும் பூஞ்சணமும் புழுவும் ஊர் வயலையே பாதிக்கலாம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பூவத்திலிருந்து நண்டலாற்றைத் தாண்டி வடக்கே போனால் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் இங்கே வந்து சேர்ந்தார். இந்தப் பக்கத்துச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

அங்கே போன வெப்பநாட்டுச் செடிகளுக்கும் இதே கஷ்டம்தான். நம் வேலியோரம் தானாகப் படர்கிற செங்காந்தளை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கண்ணாடி வீட்டுக்குள் சூடு காட்டி வளர்க்கிறார்கள். பனிக்காலத்தில் அதன் கிழங்கைக் குளிர் படாமல் உலர வைத்துக் காக்கிறார்கள். நாம் டூலிப்புக்கு ஃப்ரிட்ஜைத் திறக்கிறோம், அவர்கள் காந்தளுக்கு ஹீட்டரைப் போடுகிறார்கள்!

நம் இளவேனில் பூக்கள்

கிழங்குச் செடிக்கு ஓய்வு கட்டாயம். ஆனால் எல்லாக் கிழங்குக்கும் அந்த ஓய்வு குளிராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெப்பநாட்டுக் கிழங்குகள் பல, தண்ணீர் இல்லாத காலத்தில் தூங்கி, ஈரம் பட்டதும் விழிக்கும். நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அந்த நேரத்தில் பூக்க வேண்டுமென்றால் குளிர் தேவையில்லை, கொஞ்ச நாள் காயப்போட்டால் போதும்.

அமரில்லிஸ் இதற்கு நல்ல உதாரணம். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். மார்கழிக் கடைசியில் தண்ணீரை நிறுத்தி, எட்டு, பத்து வாரம் உலர விடுங்கள். மாசிக் கடைசியில் மறுபடி தண்ணீர் காட்டினால் பங்குனி, சித்திரையில் பெரிய மணி போன்ற பூக்கள் நிமிர்ந்து நிற்கும். ஃபுட்பால் லில்லி இன்னும் வேடிக்கை. மாதக்கணக்கில் வெறும் தொட்டியாகக் கிடக்கும். கோடை மழை ஒன்று விழுந்ததும், இலைக்கு முன்பே சிவப்புப் பந்து ஒன்று மண்ணைப் பிளந்து வரும். மழை லில்லிக்குப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. காய்ந்து கிடந்தபின் நல்ல மழை பெய்தால், சில நாளில் வரிசையாகப் பூத்து நிற்கும்.

இவற்றில் பலவும் வெளியூர்க்காரர்கள்தான். அமரில்லிஸும் மழை லில்லியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, ஃபுட்பால் லில்லி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மாலைக்கு நாம் வாங்குகிற நிலசம்பங்கியின் தாய்வீடும் மெக்சிகோதான். ஆனால் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒத்துப்போனதால் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன. நிலசம்பங்கி வேண்டுமென்றால், தோண்டி எடுத்த கிழங்கை ஒரு மாதம் நிழலில் உலர்த்தி, ஜூன், ஜூலையில் நடலாம். 25, 30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பொறுக்குங்கள். செங்காந்தளை மட்டும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் மாநில மலர் என்றாலும், அதன் கிழங்கு உயிரைக் குடிக்கும் விஷம்.

மணலும் உப்பும்

பூவம் போன்ற கடலோர ஊரில் கிழங்குக்குச் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. மணல் தண்ணீரைத் தேக்காது, அது நல்லது. ஆனால் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையையொட்டிக் கொட்டித் தீர்க்கிறது. அந்த வாரங்களில் தரையில் இருக்கும் கிழங்கு அழுகிவிடும். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, தாழ்வாரத்துக்குள் தள்ளி வையுங்கள். போர்த் தண்ணீர் உப்பு கரித்தால், பிடித்து வைத்த மழைநீரை ஊற்றுங்கள். தென்னை நார்க்கழிவைக் கலப்பதாக இருந்தால், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கலக்கவும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பொங்கல் சமயத்தில் போனால், கார்னிவல் விழாவையொட்டிக் காரைக்காலில் நடக்கும் மலர்க் கண்காட்சியையும் பார்க்கலாம். வீடு திரும்பியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அமரில்லிஸ் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, மாசி முடியும்வரை அதைத் தொடாமல் இருங்கள். பரிதாபப்பட்டு ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.