சிரிக்க வைக்கிற பெண்பிள்ளைகளுக்கு

தாயி,

நேற்றுச் சாயங்காலம் கண்மாய்க் கரையில் நீயும் உன் சேக்காளிகளும் செல்போனை ஒரு கல்லில் சாய்த்துவைத்து நடித்துக்கொண்டிருந்ததை வரப்பிலிருந்து பார்த்தேன். கைமாற்றுக் கேட்டு வந்தவளிடம் இல்லையென்று சொல்லாமலே இல்லையென்று காட்டுகிற அந்த வாய்க்கோணல் உனக்கு அப்படியே வந்தது. நின்று சிரித்தேன். என்னைக் கண்டதும் போனை மறைத்தாய். நீ மறைத்தது மனசை அறுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

‘பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு’ என்று கேட்டு வளர்ந்தவள் நான். சிரித்தாலே போச்சு என்றால், ஊரைச் சிரிக்க வைத்தால்? எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது பள்ளிக்கூட விழாவில் வளையல் விற்க வருகிறவர் மாதிரி பேசிக் காட்டினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாதியிலேயே வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடைக்கு வந்தார். அடிக்கவில்லை, வையவில்லை. கையைப் பிடித்து இறக்கி, கூட்டத்துக்கு நடுவே வீட்டுக்குக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு நான் மேடை ஏறவே இல்லை. இப்போது எழுபத்து நான்கு வயது.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களில் கோயில் பொங்கலென்றால் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம். பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வரும், ஆர்மோனியக்காரர் வேறெங்கிருந்தோ பஸ் பிடிப்பார். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முருகன் வருவதற்கு முன்னால் பபூனும், அவரோடு டான்ஸ் ஆடுகிற பெண்ணும் வருவார்கள். பபூன் ஒரு சொல் போட்டால் அந்தப் பெண் இரண்டாகத் திருப்பித் தருவாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். விடிந்ததும், சிரித்த அதே வாய்கள் அவளைக் ‘கூத்தாடி’ என்று ஏசும். அதைக் கேட்டுத்தான் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினோம்.

அப்படி ஏச்சு வாங்கிய மேடையிலிருந்து வந்தவர்தான் மனோரமா. உனக்கு அவரை வயதான பாட்டியாகத்தான் தெரியும். அவர் பிறந்தது 1937-ல், மன்னார்குடியில். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பாவின் ஆதரவு இல்லாமல் போக, தாய் ராமாமிர்தம் பிள்ளையை இழுத்துக்கொண்டு காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூருக்கு வந்தார். படிப்பு சிறுவயதிலேயே நின்றது. அந்தப் பிள்ளையும் வீட்டு வேலைக்குப் போனது. பன்னிரண்டு வயதில் நாடக மேடை. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு எஸ். எஸ். ராஜேந்திரன் நாடகக் குழுவில் பெரிய வேடங்கள். கல்யாணம் நடந்தது, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அது முறிந்துபோனது. வயதான தாயும் குழந்தையுமாக, சம்பாதிக்க வேண்டியவர் அவர் ஒருவரே.

மேடையில் கதாநாயகியாக நடித்தவர். சினிமாவிலும் அதையே விரும்பியிருப்பார், யார்தான் விரும்பமாட்டார்கள்? ஆனால் 1958-ல் கண்ணதாசன் எடுத்த ‘மாலையிட்ட மங்கை’யில் அவருக்குக் கிடைத்தது சிரிப்பு வேடம். 1963-ல் ‘கொஞ்சும் குமரி’யில் நாயகியாகவும் நடித்தார். இருந்தாலும் சிரிப்பு வேடத்தை விட்டு அவர் விலகிப் போகவில்லை. அவரோடு வந்த நாயகிகள் பலர் பத்து வருஷத்தில் ஓய்ந்தார்கள். இவர் ஐம்பது வருஷத்துக்கு மேல் நின்றார். ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. 2002-ல் பத்மஸ்ரீ.

எண்ணிக்கை கிடக்கட்டும். அவர் காதைப் பற்றித்தான் உனக்குச் சொல்லவேண்டும். மன்னார்குடிப் பிறப்பு, செட்டிநாட்டு வளர்ப்பு. அப்படிப்பட்டவர் ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைக் குப்பத்துத் தமிழில் பாடினார். ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் பல்லை வெளியே நீட்டிவைத்துக்கொண்டு கொங்குக் கிழவியாக உட்கார்ந்தார். எந்த ஊர்ப் பேச்சைப் பேசினாலும் அந்த ஊர்க்காரரே நம்பினார்கள். சொல்லைப் பிடிப்பது சுலபம். எந்தச் சொல்லில் மூச்சை இழுக்கிறார்கள், எங்கே தலையைச் சொறிகிறார்கள் என்பது வரை பிடிக்கவேண்டும். ஒருத்தரை உற்றுப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் அது வரும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்தது. நம்ம பக்கத்து டூரிங் கொட்டகைக்குத் தாமதமாகத்தான் வந்தது. மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். சிவாஜியும் பத்மினியும் நடித்த படத்தில் நடுவே வந்து போகிற ஜில் ஜில் ரமாமணியைத்தான் வீடு திரும்பும் வழியெல்லாம் பேசினோம். யார் அந்த ரமாமணி? ஊர் ஊராகப் போய் ஆடுகிற நாடகக்காரி. விடிந்ததும் ஊர் ஏசுமே, அவளேதான். வெள்ளைச் சிரிப்பும் கள்ளமில்லாத பேச்சுமாக மனோரமா அவளைக் கொண்டுவந்து நிறுத்தியபோது கொட்டகையில் ஒருத்தரும் அவளை இளக்காரமாகப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே மரியாதை கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. 1986-ல் வந்த ‘சம்சாரம் அது மின்சாரம்’. அதில் அவர் வேலைக்காரி கண்ணம்மா. சம்பந்தி வீட்டுக்காரரை வாயாலேயே மடக்குகிற காட்சியை டி.வி.யில் எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பேன். பள்ளத்தூரில் பிறத்தியார் வீட்டில் வேலை செய்த சிறுமி அந்தக் கண்ணம்மாவுக்குள் இருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றும். 1989-ல் வந்த ‘புதிய பாதை’ படத்துக்குத் தேசிய விருது வாங்கினார். சிரிக்க வைக்கத் தெரிந்தவருக்கு அழ வைப்பது கஷ்டமில்லை. சிரிக்க வைப்பதுதான் எல்லாருக்கும் கைகூடாது.

அவருக்கும் முன்னால் டி. ஏ. மதுரம் இருந்தார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்கு ஈடுகொடுத்து, சில இடங்களில் அவரை மிஞ்சி நின்றவர். 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கணவர் கலைவாணர் சிறைக்குப் போனார். மதுரம் மூலையில் உட்காரவில்லை; வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, 1947-ல் கலைவாணர் விடுதலையாகி வந்தார். திரையில் சிரித்த முகத்துக்குப் பின்னால் அவ்வளவு உறுதி இருந்தது.

சினிமாவுக்குப் போனவர்களை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. நம்ம நடவு வயலுக்கு வந்து பார்த்திருக்கிறாயா? பிளவக்கல் அணைத் தண்ணீர் வந்து நாற்றுப் பாவி, குனிந்த முதுகு நிமிராத நாளில் எங்களைத் தாங்கியது அந்தச் சிரிப்புத்தான். வயக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வழுக்கி நடப்பதை ஒருத்தி நடந்து காட்டுவாள். மாமியார் குழம்பை மோந்து பார்ப்பதை இன்னொருத்தி செய்வாள். அவர்களில் இரண்டு பேர் மனோரமாவுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். பெண்களிடம் சிரிப்புக்குப் பஞ்சமே கிடையாது. ஆம்பளை தலை தெரிந்ததும் வயல் அமைதியாகிவிடும், அவ்வளவுதான். பார்க்க ஆள் இல்லாமல் அந்தத் திறமை அந்தச் சேற்றோடு போனது.

உனக்கு அப்படி இல்லை. 2025-ல் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் போனில் பேசிய பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவி, கூமாப்பட்டி எங்கே என்று ஊரெல்லாம் கேட்டது. வத்திராயிருப்பைத் தாண்டத் தெரியாதிருந்த பெயர் ஒரே வாரத்தில் கடல் தாண்டியது. அதே போன்தான் உன் கையிலும் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: ஒல்லி, குண்டு, கறுப்பு, திக்குவாய் என்று பாவப்பட்டவர்களைக் காட்டிச் சிரிப்பு வாங்காதே. பழைய படங்களில் அது நிறைய உண்டு, மனோரமா நடித்த படங்களிலும் உண்டு. அதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. சந்தைக்குப் போ, பஸ்ஸில் ஜன்னலைப் பார்க்காமல் ஆளைப் பார், நடவுக்கு வா. கடன் இல்லையென்று சொல்பவளை அவ்வளவு அழகாகச் செய்தாயே, கடன் கேட்டு வந்தவளின் முகத்தையும் செய்து பார்.

இதைப் படிக்கிற பெரியப்பாமார், தாய்மாமன்மார், அண்ணன்மார் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. வருகிற பொங்கலுக்கு இந்தப் பிள்ளை மேடையேறப்போகிறது. விழாக் கமிட்டியில் பெயர் கொடுத்துவிட்டேன். பிடித்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். பிடிக்காவிட்டால் பேசாமல் இருங்கள். கையைப் பிடித்து இறக்க மட்டும் யாரும் எழுந்து வரவேண்டாம்.